கைம்பெண்ணின் வழக்கும் விசுவாசத்தின் வழக்கும்

தரங்கம்பாடிக் கடற்கரையில் நிற்கும் கோட்டைக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்று 1620ஆம் ஆண்டு டேனிஷ் வணிகர் அங்கே கால் ஊன்றியது ஒரு வரலாறு. அது பலரும் அறிந்தது. 1708ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதே கோட்டைக்குள் ஓர் இளங்குரு அடைக்கப்பட்டதும், நான்கு திங்களுக்கு மேல் அவர் அங்கே சிறையிருந்ததும் மற்றொரு வரலாறு. அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அவர் செய்த குற்றம் என்ன? தமிழ் நாவிதர் ஒருவர் இறந்தபின் அவருடைய கடன் தொடர்பாக எழுந்த வழக்கில், அவர்தம் கைம்பெண்ணுக்காகப் பரிந்து பேசினார். எதிர்வழக்காடியவர் டேனிஷ் கும்பினியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த செல்வாக்குள்ளவர். தேவாலயத்திலே கோட்டைத் தளபதி ஹாசியசின் முன் மண்டியிட்டு முறையிடுமாறு அப்பெண்ணுக்குச் சீகன்பால்கு அறிவுரை கூறினார். தளபதி சினந்தார். நேரில் வருமாறு ஆள் அனுப்பினார். எழுத்தில் ஆணை தருக என்றார் குரு. கைது செய்யப்பட்டார், கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்தார், சிறை வைக்கப்பட்டார்.

சீகன்பால்கு லூத்தரன் மரபினர். மனிதன் கடவுள் முன் நீதிமானாக ஏற்கப்படுவது அவன் செய்யும் நற்கிரியைகளால் அன்று, விசுவாசத்தினால் மட்டுமே என்பது அம்மரபின் மூலக்கோட்பாடு. கிரியைகளால் மீட்பில்லை என்று போதிக்கக் கடல்கடந்து வந்தவர், ஒரு நற்கிரியையின் பொருட்டுச் சிறை புகுந்தார். இது முரண்பாடா, அன்றி முரண்போல் தோன்றும் உடன்பாடா? இவ்வினாவுக்கு விடைகாண, கிறிஸ்தவ வரலாற்றில் பதினாறு நூற்றாண்டுகள் பின்னோக்கிச் சென்று திரும்ப வேண்டும்.

ஒரே சாட்சி, இரு வழக்குரைகள்

ஏறத்தாழ கி.பி. 57ஆம் ஆண்டளவில் உரோமையர்க்கு மடல் எழுதிய பவுல், தம் கட்சிக்குச் சாட்சியாக ஆபிரகாமை அழைக்கிறார். விண்மீன்களைப் போல் உன் சந்ததி பெருகும் என்று கடவுள் சொன்னதை ஆபிரகாம் நம்பினார். அந்நம்பிக்கையே அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. விருத்தசேதனம் பெறுவதற்கு முன்பே, திருச்சட்டம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இது நிகழ்ந்தது. ஆகவே சட்டத்தின் கிரியைகளால் எவனும் பெருமை கொள்ள இடமில்லை என்பது பவுலின் வாதம்.

யாக்கோபின் நிருபமும் அதே ஆபிரகாமையே கூண்டிலேற்றுகிறது. ஆனால் அது காட்டும் காட்சி வேறு. ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்த ஆபிரகாம் அது. அங்கே விசுவாசம் கிரியையோடு சேர்ந்து முழுமை பெற்றது என்கிறார் யாக்கோபு. உடுக்க உடையும் அன்றாட உணவும் இல்லாத ஒருவனிடம் ஒன்றும் கொடாமல், குளிர்காய்ந்து பசியாறுக என்று வாழ்த்தி அனுப்பினால் அதனால் ஆகும் பயன் யாது என்று அவர் வினவும்போது, அவர் குரல் கோயில் வாயிலில் நின்று கேட்பவனின் குரலாகிறது.

இருவரும் ஒரே சாட்சியைக் கொண்டு எதிர்நிலையை நிறுவியவர்போல் தோன்றும். உற்று நோக்கினால் இருவரும் எதிர்கொண்ட வழக்குகளே வேறு. பவுலின் முன் நின்றவர்கள், பிற இனத்தாரைச் சபையில் ஏற்க விருத்தசேதனமும் உணவு விதிகளும் வேண்டும் என்றவர்கள். யாக்கோபின் முன் நின்றவர்கள், நம்புகிறோம் என்று சொல்லிவிட்டு, பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் கந்தையுடுத்தவனுக்குக் காலடியும் காட்டியவர்கள். முன்னவர் கிரியையை வேலியாக்கினர். பின்னவர் விசுவாசத்தைப் போர்வையாக்கினர். வேலியைப் பிடுங்கியவர் ஒருவர். போர்வையை விலக்கியவர் மற்றவர். அன்பினால் செயற்படும் விசுவாசமே பொருட்டு என்று கலாத்தியர்க்கு எழுதியவரும் பவுலே என்பதை நினைவிற்கொண்டால், இருவருக்கும் இடையே உள்ள தொலைவு பலர் எண்ணுவதினும் குறைவு என்பது புலப்படும்.

'மட்டும்' என்னும் சொல்

பதினாறாம் நூற்றாண்டில் அவ்விடைவெளி அகழியாயிற்று. உரோமையின் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்திற்குப் பொருள் திரட்டும் பொருட்டு, பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் செர்மானிய நாடுகளில் விற்கப்பட்டன. 1517ஆம் ஆண்டு மார்ட்டின் லூத்தர் தம் தொண்ணூற்றைந்து கருத்துரைகளை வெளியிட்டார். காசு கொடுத்துப் பெறும் பொருளாகக் கிரியை மாறியதைக் கண்ட உள்ளம், கிரியையால் எதையும் பெற முடியாது என்னும் எல்லைக்குச் சென்றது இயல்பே.

மொழியில் கருத்துடைய நம்மனோர்க்கு, இவ்வரலாற்றில் ஒரு சொல் சிறப்பாக நோக்கத்தக்கது. 1522ஆம் ஆண்டு லூத்தர் புதிய ஏற்பாட்டைச் செர்மானியத்தில் வெளியிட்டபோது, உரோமையர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் கிரேக்க மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்னும் சொல்லைச் சேர்த்தார். எதிர்ப்பு எழுந்தது. 1530ஆம் ஆண்டு மொழிபெயர்ப்புக் குறித்து எழுதிய திறந்த மடலில் அவர் விடையிறுத்தார்: ஒன்றை உடன்பட்டு மற்றொன்றை மறுக்கும் இடத்தில் அச்சொல்லைச் சேர்ப்பதே செர்மானிய வழக்கு, வீட்டுத் தாயும் தெருக் குழந்தையும் சந்தை மனிதனும் பேசும் மொழியைக் கேட்டே மொழிபெயர்க்க வேண்டும் என்பது அவர் துணிபு. இதில் வியப்பு என்னவெனில், விசுவாசம் 'மட்டும்' என்னும் தொடர் புதிய ஏற்பாட்டு மூலத்தில் ஒரே ஓரிடத்தில்தான் உள்ளது. அது யாக்கோபின் நிருபம்; அங்கும் விசுவாசத்தினால் மட்டும் அன்று என்று மறுக்கவே அது வருகிறது. அந்நிருபத்தை லூத்தர் தம் 1522ஆம் ஆண்டு முன்னுரையில் வைக்கோல் நிருபம் என்று குறைத்துரைத்தார். பிற்பதிப்புகளில் அக்கடுஞ்சொல் நீக்கப்பட்டது.

எனினும் லூத்தர் நற்செயலின் பகைவர் அல்லர். 1520ஆம் ஆண்டு நற்கிரியைகளைப் பற்றியே தனிநூல் எழுதினார். மரம் நல்லதானால் கனி நல்லதாகும். கனியை ஒட்டவைத்து மரத்தை நல்லதாக்க இயலாது என்பதே அவர் கருத்தின் சாரம். 1523ஆம் ஆண்டு லைஸ்னிக் என்னும் ஊரார் ஏழைகளுக்கென அமைத்த பொதுப் பெட்டகத்தின் விதிகளுக்கு முன்னுரை வழங்கியவரும் அவரே. மீட்பை விலைக்கு வாங்கவேண்டியதில்லை என்றான பின்பு, கையிலிருக்கும் காசு அயலானுக்கு உரியதாகிறது என்பது அவர் உணர்ந்த உண்மை.

கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து சங்கத்தில் விடை பகர்ந்தது. 1547ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் வெளியான ஏற்புடைமை பற்றிய ஆணையில் முப்பத்து மூன்று விதிகள் உள. விசுவாசம் மட்டும் போதும், வேறெதுவும் துணைசெய்ய வேண்டுவதில்லை என்பாரை அவை சபித்தன. ஆனால் அவற்றுள் முதல் விதி, கடவுளின் அருளின்றித் தன் சொந்தக் கிரியையால் மனிதன் நீதிமானாகக் கூடும் என்பாரைச் சபிக்கிறது. அருளே முதல் என்பதில் இரு திறத்தாரும் ஒன்றியே நின்றனர். ஆயினும் சாபச்சொல்லின் ஓசையில் அவ்வொற்றுமை எவர் செவியிலும் விழவில்லை.

உண்டியலில் கிடந்த நான்கு தாலர்

ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. சீர்திருத்தத்தின் பிள்ளைகளிடையே, கோட்பாட்டைப் பிழையற ஒப்புவித்தலே விசுவாசம் என்னும் நிலை வந்துற்றது. அதற்கு எதிராக எழுந்ததே பக்திநெறி இயக்கம். ஹாலே நகரின் புறத்தே கிளாவுக்கா என்னும் ஏழ்மை மிகுந்த பகுதியில் போதகராயிருந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, 1695ஆம் ஆண்டு தம் இல்லத்து உண்டியலில் நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் கிடக்கக் கண்டார். அத்தொகையைக் கொண்டு புத்தகங்கள் வாங்கி, மாணவர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தி, ஏழைச் சிறாருக்குக் கல்வி தொடங்கினார். 1698இல் அநாதைச் சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பள்ளிகளும் அச்சகமும் மருந்தகமும் தொடர்ந்தன. 1727ஆம் ஆண்டு பிராங்கே மறைந்தபோது அப்பள்ளிகளில் பயின்ற சிறார் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

பழைமை பேணிய லூத்தரன் அறிஞர் சிலர் இதனை ஐயுற்றனர். முன்வாயிலில் துரத்திய கிரியையைப் பின்வாயிலில் அழைத்து வருகிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பிராங்கே வழியினர் மரமும் கனியும் என்னும் லூத்தரின் உவமையையே திருப்பிச் சொன்னார்கள். அந்த ஹாலேயில் சில காலம் பயின்றவரே சீகன்பால்கு. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கின் ஆணையால் ஹென்ரிக் புளூட்சோவுடன் 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்.

தமிழர் தந்த மறுகேள்வி

தரங்கம்பாடியில் அவருக்காக ஒரு வியப்புக் காத்திருந்தது. விசுவாசத்தை அறியாதோர் என்று அவர் எண்ணி வந்த மக்களிடையே நற்செயலின் இலக்கணம் நூல்நூலாக இருந்தது. தமிழ் எழுத்தைச் சிறுவரோடு மணலில் எழுதிப் பழகியவர், இரண்டாண்டுக்குள் தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியல் வகுத்தார். 1708ஆம் ஆண்டு நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செர்மானியத்தில் பெயர்த்தார். நற்செய்தியை அறியாத இம்மக்களின் ஒழுக்கநெறி, கிறிஸ்தவர் எனப்படும் பலரை நாணச் செய்யத்தக்கது என்பதை அவர் தம் நாட்டவர்க்கு மறைக்கவில்லை. சிறை புகுந்ததும் அதே ஆண்டில்தான் என்பது கருதத்தக்கது.

இதனினும் கூரியது தமிழர் எழுதிய மடல்களின் குரல். 1712 முதல் 1714 வரை குருமார் கேட்ட வினாக்களுக்கு விடையாகத் தமிழர் எழுதிய மடல்கள் செர்மானியத்தில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சேறின. கிறிஸ்தவ வேதத்தைப் பற்றிய கருத்து என்ன என்ற வினாவுக்குப் பலர் கோட்பாட்டைக் கொண்டு விடை கூறவில்லை. கிறிஸ்தவரின் நடத்தையைக் கொண்டே விடை கூறினர். துறைமுகத்தில் கண்ட ஐரோப்பியரின் குடியும் தூய்மையின்மையும் ஒழுக்கக்கேடும் அவர்கள் கண்முன் நின்றன. வேதம் நல்லதாகலாம், வேதக்காரர் அப்படி இல்லையே என்பதே அவ்விடைகளுட் பலவற்றின் உட்கிடை.

இங்கேதான் பழைய வழக்கின் முடிச்சு அவிழ்கிறது. விசுவாசத்தைக் காண வல்லவர் கடவுள் ஒருவரே. அயலான் உள்ளத்துள் புகுந்து பார்க்க மாட்டான். அவன் கண்ணுக்குத் தெரிவது செயல் ஒன்றே. கடவுளின் முன் மனிதன் எவ்வாறு நிற்கிறான் என்பது பவுலின் வினா. அயலானின் முன் அவன் எவ்வாறு நிற்கிறான் என்பது யாக்கோபின் வினா. ஐரோப்பா முதல் வினாவில் மூழ்கி இரண்டாவதை மறந்தபோது, தரங்கம்பாடித் தமிழர் இரண்டாவது வினாவையே முதலில் எழுப்பினர். கைம்பெண்ணின் வழக்கில் சீகன்பால்கு அளித்தது அதற்கான விடை. அவர் மீட்புப் பெறுவதற்காக அவளுக்குப் பரிந்து பேசவில்லை. மீட்கப்பட்டோம் என்று நம்பியதனால் தளபதியை அஞ்சாமல் பேச முடிந்தது.

இரு சொற்களின் வாழ்வு

தமிழ் விவிலிய மரபில் நிலைபெற்ற இரு சொற்கள் விசுவாசம், கிரியை என்பன. இரண்டும் வடமொழிவழி வந்தவை. ஆயினும் தமிழில் அவை தமக்கென ஒரு வாழ்வு பெற்றவை. கிரியை என்றதும் சைவர் உள்ளத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு படிகளும் வழிபாட்டுச் சடங்கும் தோன்றும். ஊரார் உள்ளத்தில் இறந்தார்க்குச் செய்யும் கடன் தோன்றும். கிரியையால் மீட்பில்லை என்று தமிழில் சொன்னபோது, சடங்கினால் மீட்பில்லை என்று கேட்டவன் பொருள் கொண்டிருப்பின் அது முற்றிலும் பிழையன்று. பவுலின் வாதமும் சடங்குசார் விதிகளை நோக்கியே தொடங்கியது.

விசுவாசம் என்னும் சொல்லோ வழக்கில் மேலும் ஒரு பொருள் தரும். விசுவாசமுள்ள ஊழியன் என்கிறோம். நாயின் விசுவாசத்தைப் புகழ்கிறோம். நாய் தன் தலைவனைப் பற்றி என்ன கருத்துக் கொண்டிருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. இரவெல்லாம் வாயிலில் படுத்திருப்பதையே விசுவாசம் என்கிறோம். கிரேக்க மூலச்சொல்லுக்கும் நம்பிக்கை, நம்பத்தக்க பற்றுறுதி என்னும் இரு பொருளும் உண்டு. ஆகவே தமிழ்ச்சொல் தன்னுள்ளேயே செயலைச் சுமந்து வருகிறது. செயலற்ற விசுவாசம் என்று சொல்லிப் பார்த்தால், வழக்கறிந்த செவிக்கு அது நீரற்ற ஆறு போல ஒலிக்கும். 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு நம்பிக்கை, செயல் என்னும் எளிய சொற்களை ஆண்டது. தெளிவு கூடியது உண்மை. பழைய சொல்லின் பற்றுறுதிப் பொருள் சற்றே பின்தங்கியதும் உண்மை.

பொதுக் கிண்ணம்

சொல் செயலைச் சுமந்து வந்தாலும் சொன்னவர் சுமந்தார்களா? இவ்விடத்தில் வரலாறு நம்மைத் தலைகுனியச் செய்கிறது. 1733ஆம் ஆண்டு ஆரோன் என்பார் குருத்துவம் பெற்றார். புராட்டஸ்தாந்து சபையில் குருவான முதல் தமிழர் அவர், வெள்ளாளர். அதே காலத்தில் தஞ்சை மன்னர் படையில் வீரராயிருந்து உபதேசியாரான இராஜநாயக்கன், பலரைச் சபைக்குக் கொணர்ந்தவர். விசுவாசத்திலும் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. ஆயினும் அவர் குருவாக்கப்படவில்லை. அவர் பறையர் குலத்தவர். அவர் கையால் நற்கருணை பெறப் பிற சாதியார் இசையமாட்டார் என்று அஞ்சினர். விசுவாசத்தினால் மட்டுமே என்று போதித்த சபை, ஒருவரின் பிறப்பையும் சேர்த்துக் கேட்டது. யாக்கோபு கண்ட பொன்மோதிரமும் கந்தையும் இங்கே சாதியாய் வந்து அமர்ந்தன.

தனித்தனி இருக்கையும் நற்கருணையில் முன்பின் வரிசையும் நெடுங்காலம் நீடித்தன. 1833ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் பேராயர் டானியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிக்கப்படல் வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். ஒரே கிண்ணத்தினின்று பருகுவதைவிடச் சபையை நீங்குவதே மேல் என்று பலர் நீங்கினர். அதற்கு முன்னரே, சாதிவழக்கத்தை மாற்ற முனைந்த குருமாரை எதிர்த்து 1829இல் எழுதியவர்களுள் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய அப்பெருங்கவிஞரின் விசுவாசத்தை ஐயுறுவார் இலர். அவர் பாடல்களால் நெஞ்சுருகினோர் தலைமுறை தலைமுறையாக உளர். எனினும் சாதி உலக வழக்கம், அது விசுவாசத்தைச் சாராது என்பது அவர் நிலை. கவிஞர் கூடும் அவையில் இதனை மறைத்துவிட்டு அவரைப் போற்றுதல் எளிது. மறைக்காமல் போற்றுவதே அவருக்கும் உண்மைக்கும் நாம் செய்யும் மரியாதை. விசுவாசம் எத்துணை ஆழமானதாயினும், அது தன் கிளைகளுள் ஒன்றைப் பட்டுப்போக விடக்கூடும் என்பதற்கு அப்பெரியார் வாழ்வும் சான்றாகிறது.

உடன்படிக்கைக்குப் பின்

1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஏற்புடைமை பற்றிய கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. அருளால் மட்டுமே, கிறிஸ்துவில் கொள்ளும் விசுவாசத்தினால் மனிதன் ஏற்கப்படுகிறான். அவ்வாறு ஏற்கப்பட்டவன் நற்செயலுக்கு அழைக்கப்படுகிறான் என்பது அதன் கருத்து. பழைய சாபங்கள் இக்கூட்டறிக்கையில் உரைக்கப்பட்ட போதனையைச் சாரா என்று இரு சபைகளும் அறிவித்தன. 2006இல் மெதடிஸ்தரும் 2017இல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் அதனோடு இணைந்தன. திரெந்து சங்கம் முதல் ஆக்ஸ்பர்க் வரை ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள்!

ஏடுகளில் வழக்குத் தீர்ந்தது. அயலானின் முன் அது ஒவ்வொரு நாளும் புதிதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. சீகன்பால்கு 1719ஆம் ஆண்டு தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்து, தாம் கட்டிய தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் பெற்றார். அவர் நமக்கு விட்டுச் சென்றவற்றுள் 1715ஆம் ஆண்டு நிறைவுற்ற தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் அச்சுப் பிரதியை அறிஞர் முதன்மையாகக் கூறுவர்; அது தகும். அதனோடு அந்த நான்கு திங்கள் சிறைவாசத்தையும் ஓர் உரைநூலாகச் சேர்த்துப் படித்தல் வேண்டும். பவுலும் யாக்கோபும் முரண்படும் இடங்களுக்கெல்லாம் அதில் விளக்கம் உண்டு.

பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணி வந்துள்ள இவ்வட்டத்தார்க்கும் இவ்வரலாறு புறம்பானதன்று. நாமும் நம்பியதையே எழுதுகிறோம். எழுதியதைக் கொண்டே நாம் நல்லவராவதில்லை. ஆயினும் நம் எழுத்தைப் படித்தவர் என்றேனும் நம் வாயிலில் வந்து நிற்பர். அன்று அவர்கள் நம் பாடலைக் கேட்கமாட்டார்கள். தமக்காக எழுந்து நிற்கிறோமா என்றே பார்ப்பார்கள்.